வாசகர் கேள்வி: தன்னைக் கர்ப்பிணியாக வரைந்த ஓவியர்

கேள்வி: ஆடையில்லாமல், கர்ப்பிணியாகத் தன்னையே வரைந்துகொண்ட ஜெர்மன் ஓவியர் யார்? வரைந்தபோது அவர் கர்ப்பமாகவே இல்லையாமே, உண்மையா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். அவர் பவுலா மோடர்சோன்-பெக்கர். 1876-ல் டிரெஸ்டனில் பிறந்து, பிரேமனில் வளர்ந்தவர். அப்பா சொன்னதற்காக ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு, அப்புறம்தான் ஓவியம் படிக்கவே பெர்லினுக்குப் போக முடிந்தது. அங்கேயும் அரசுக் கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடம் கிடையாது. பெண் ஓவியர்கள் சங்கம் நடத்திய பள்ளியில் படித்தார். பிறகு பிரேமன் பக்கத்தில் வோர்ப்ஸ்வேட என்ற கிராமத்துக்குக் குடிபோய், அங்கிருந்த ஓவியர் ஓட்டோ மோடர்சோனை 1901-ல் மணந்தார்.

கிராமம் அவருக்குப் போதவில்லை. திரும்பத் திரும்பப் பாரிஸுக்கு ஓடினார். 1906-ல் கணவரை விட்டே போய்விட்டார். நீங்கள் கேட்கும் படம் அந்த வருஷம் மே மாதம் அங்கே வரைந்தது. இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி, கழுத்தில் அம்பர் மாலை, ஒரு கை வயிற்றுக்கு மேலே, இன்னொரு கை கீழே, பார்வை நேராக நம்மிடம். கீழே 'என் 30 வயதில், ஆறாவது திருமண நாளில் வரைந்தேன்' என்று எழுதி 'பி.பி.' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதாவது பவுலா பெக்கர், கணவர் பெயர் அதில் இல்லை. (கல்யாணம் நடந்த நாளையும் சேர்த்து எண்ணினால்தான் ஆறு வரும்.) அந்த வயிற்றில் இருந்தது பிள்ளையா, இனி வரைய வேண்டிய படங்களா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், ஏனென்றால் அதற்குச் சில மாதம் முன்புதான் கவிஞர் ரில்கேவுக்கு 'நான் மோடர்சோனும் இல்லை, பவுலா பெக்கரும் இல்லை, நான் நான்தான்' என்று எழுதியிருந்தார்.

கேள்வி: அப்புறம் அவருக்குக் குழந்தை பிறந்ததா?

பதில்: பிறந்தது. கணவரோடு சமாதானமாகி ஊர் திரும்பினார், 1907 நவம்பர் 2-ல் மகள் மத்தில்டே பிறந்தாள். பிரசவத்துக்குப் பின் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 20-ம் தேதி எழுந்து நடக்கலாம் என்றதும் எழுந்தார், ரத்தக்கட்டி அடைத்துச் சரிந்துவிட்டார். கடைசியாகச் சொன்னது 'ஷாடே' என்ற ஒரே சொல். நம் பேச்சில் 'வீணாப்போச்சே' எனலாம். வயது 31. எழுநூறுக்கு மேற்பட்ட ஓவியங்களை விட்டுப் போனார்; உயிரோடு இருந்தபோது விற்றவை விரல் விட்டு எண்ணக்கூடியவைதான், அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

1927-ல் பிரேமனில் அவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள், ஒரு பெண் ஓவியருக்காக உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அதுதான். நாஜிகள் 1937-ல் அவர் படங்களைச் 'சீரழிந்த கலை' என்று சொல்லிப் பல அருங்காட்சியகங்களிலிருந்து எடுத்துப்போனார்கள். அந்த அம்பர் மாலைப் படம் தப்பிவிட்டது. பிரேமன் போனால் அங்கேயே பார்க்கலாம்.