மாநில உரிமையா, வாஷிங்டனின் அதிகாரமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் மாநில உரிமை எங்கே சொல்லப்பட்டிருக்கிறது, ஐயா?

பதில்: 1791இல் நடைமுறைக்கு வந்த பத்தாவது திருத்தத்தில். நடுவண் அரசிடம் ஒப்படைக்கப்படாத, மாநிலங்களுக்குத் தடை செய்யப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது அது. ஆனால், அரசமைப்புக்கு உட்பட்டு இயற்றப்படும் நடுவண் சட்டமே நாட்டின் உச்சச் சட்டம் என்று ஆறாவது பிரிவு கூறுகிறது. நடுவண் அரசு எல்லை மீறிவிட்டதா என்று முடிவு சொல்லவேண்டியவர் யார் என்பது மட்டும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. சண்டை முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடந்தது.

கேள்வி: நடுவண் சட்டம் தனக்குச் செல்லாது என்று எந்த மாநிலமாவது அறிவித்ததுண்டா?

பதில்: தென் கரோலினா அறிவித்தது. 1828, 1832 ஆகிய ஆண்டுகளின் சுங்க வரிச் சட்டங்கள் வடக்கின் ஆலைகளுக்குப் பாதுகாப்பாகவும், பருத்தியை விற்று வெளிநாட்டுப் பொருள்களை வாங்கிய தெற்குக்குச் சுமையாகவும் இருந்ததால், அவை 1833 பிப்ரவரி 1 முதல் தன் எல்லைக்குள் செல்லாது என்று 1832 நவம்பரில் அம்மாநிலம் கூட்டிய சிறப்பு மாநாடு தீர்மானித்தது. மாநிலம் இப்படி அறிவிக்கலாம் என்ற கோட்பாட்டை 1828இல் பெயரை மறைத்து எழுதிக் கொடுத்தவர் ஜான் கால்ஹூன். அப்போது அவர் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர்! குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் தெற்கத்தியர்தான், அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆயினும் வரி வசூலுக்குப் படையைப் பயன்படுத்த அனுமதிக்கும் சட்டத்தை அவர் கேட்டுப் பெற்றார். வரியைப் படிப்படியாகக் குறைக்கும் சமரசச் சட்டமும் 1833 மார்ச்சில் உடன் வரவே, தென் கரோலினா தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மானத்தைக் காத்துக்கொள்ள, இனித் தேவைப்படாத அந்தப் படைச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கவும் தவறவில்லை.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் மாநில உரிமை என்பது தெற்கின் வாதம்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1850களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருவதற்கான 1850ஆம் ஆண்டு நடுவண் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்கு. அதன்படி பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது, தம் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. அவரைத் திருப்பி அனுப்பினால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்குப் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். 1854இல் அடிமை முறை இருந்த மிசௌரியிலிருந்து தப்பி வந்த ஜோஷுவா குளோவர் என்பவரை, வட மாநிலமான விஸ்கான்சினின் மில்வாக்கி நகரச் சிறையின் கதவை உடைத்து மக்கள் மீட்டார்கள். அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைத் திரட்டியதற்காகக் கைதான பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தை விடுவித்த விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம், அந்த நடுவண் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்றது. 1859இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ஒருமனதாக ரத்து செய்தபோது, விஸ்கான்சின் சட்டமன்றம் எல்லை மீறும் நடுவண் சட்டம் செல்லாது என்று வாதிட்ட 1798ஆம் ஆண்டின் கென்டக்கி மாநிலத் தீர்மானங்களின் நடையிலேயே எதிர்த் தீர்மானம் போட்டது. கால்ஹூன் அப்போது உயிரோடு இருந்திருந்தால் தம் வாதம் எதிர்முகாமில் ஒலிப்பதைக் கேட்டிருப்பார்.

கேள்வி: உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகவே நடந்தது என்று படித்தேன். சரியா?

பதில்: நாட்டை விட்டுப் பிரிந்த தென் மாநிலத்தவர்களே அப்படிச் சொல்லவில்லை. 1860 டிசம்பரில் தென் கரோலினா வெளியிட்ட விளக்க அறிக்கை, வட மாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் தப்பியோடிய அடிமைகளைத் திரும்பப் பிடிக்கவிடாமல் தடுப்பதையும், அடிமையோடு நியூயார்க் வழியாகக் கடந்து செல்லும் உரிமைகூட மறுக்கப்படுவதையும் குற்றமாக அடுக்குகிறது. அதாவது, வட மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களின் மனக்குறை. பிரிந்தபின் அவர்கள் எழுதிய அரசமைப்போ, அடிமைகள்மீதான சொத்துரிமையைக் குலைக்கும் சட்டம் எதையும் இயற்றக்கூடாது என்று தடுத்தது.

கேள்வி: பிரிந்து போகும் உரிமை இன்றும் உண்டா?

பதில்: இல்லை. டெக்சாஸ் வழக்கில் 1869இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

கேள்வி: அப்படியானால் மாநிலங்களின் கையில் இன்று எஞ்சியிருப்பது என்ன?

பதில்: ஒத்துழைக்க மறுக்கும் உரிமை. நடுவண் சட்டத்தை மாநிலம் தடுக்க முடியாது. ஆனால் அதைச் செயல்படுத்த மாநில அலுவலர்களை வாஷிங்டன் வேலை வாங்கவும் முடியாது. இதன் வேர் 1842இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த, தப்பியோடிய அடிமையைத் திரும்பப் பிடித்தது பற்றிய ஒரு வழக்கில் இருக்கிறது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையைத் தங்கள்மீது சுமத்தக்கூடாது என்று ஷெரிப்கள் எனப்படும் உள்ளூர்க் காவல் அதிகாரிகள் தொடுத்த வழக்கில், 1997இல் பழமைவாத நீதிபதி அன்டோனின் ஸ்காலியா எழுதிய தீர்ப்பு இதை உறுதியாக்கியது. ஆவணமற்ற குடியேறிகளைப் பிடிக்க உதவமாட்டோம் என்று சொல்லும் நகரங்கள் இன்று நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.