கூடைப்பந்தில் ஷூட்டிங் வராத வீரர் பிளே-ஆஃபில் ஏன் சுமையாகிறார்?

சீசன் முழுக்க ஆடிய தடுப்பாட்ட வீரரை, அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் பிளே-ஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில்) ஏன் உட்காரவைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரே எதிரணியுடன் ஏழு ஆட்டம் வரை மோதும்போது, தூரத்திலிருந்து கூடையில் போட வராத அவருடைய குறையைக் குறிவைக்க அந்த அணிக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

2015-இல் மெம்பிஸ் அணியிடம் 1-2 எனப் பின்தங்கிய கோல்டன் ஸ்டேட் அணி, மெம்பிஸின் ஷூட்டிங் வராத டோனி ஆலனைத் தடுக்கும் வேலையைச் சென்டர் (கூடைக்கருகே ஆடும் உயரமான வீரர்) ஆண்ட்ரூ போகட்டிடம் கொடுத்தது. போகட் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கூடைக்கடியில் நின்று, உள்ளே வந்தவர்களை மறித்தார். ஆலனே அபாரமான தடுப்பாளர், ஆனாலும் அவர் ஆடும் நேரம் குறைந்தது. அடுத்த மூன்று ஆட்டமும் கோல்டன் ஸ்டேட்டுக்கே.

இப்படிப்பட்டவரை மூலையில் நிறுத்தாதீர்கள். ஸ்க்ரீன் போடவிடுங்கள், அதாவது சக வீரரைத் துரத்தும் எதிரணி ஆளின் வழியில் அசையாமல் நிற்கவிடுங்கள்: அவரைத் தடுக்க வேண்டியவர் தள்ளி நிற்பதால், ஸ்க்ரீனைச் சுற்றி வரும் ஷூட்டரை மறிக்க ஆளிருக்காது. ஆனால் ஷூட்டிங் வராத இருவரைச் சேர்த்து இறக்கினால் இதுவும் பலிக்காது.