ஒரே ட்ராக் இருக்கிற லூப்பர் பெடல (நாம வாசிச்சத ரெக்கார்ட் பண்ணி திரும்பத் திரும்ப ஓட விடுற, காலால மிதிக்கிற பெட்டி) வச்சு கிரியேட்டிவா வாசிக்க முடியுமா, இல்ல பெரிய மெஷினே வாங்கணுமா?

முடியும்ங்க. ஒரே ட்ராக்தானாங்கிற எரிச்சல்ல பெடல ரெண்டு மாசம் பரண்ல தூக்கிப் போட்டவன்தான் சொல்றேன்.

என்கிட்ட இருக்கிறது பாஸ் கம்பெனியோட ஆர்சி-1. ஒரு பெடல், ஒரு வால்யூம் குமிழ், அவ்ளோதான். 12 நிமிஷம் வரைக்கும் ரெக்கார்ட் ஆகும், ஆனா மேல மேல எத்தனை லேயர் போட்டாலும் எல்லாம் ஒண்ணா கலந்துடும், நடுவுல இருக்கிறத மட்டும் உருவ முடியாது, கொழம்புல போட்ட உப்பு மாதிரி. நான் ஆரம்பத்துல ரிதம், பேஸ் லைன், கார்ட்ஸ், மேல ஒரு குட்டி ட்யூன்னு அடைச்சு வச்சுட்டு, லீட் வாசிக்கலாம்னு வந்தா எனக்கே நிக்க இடம் இருக்காது.

அப்புறம்தான் லூப்ல என்ன போடக்கூடாதுன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். முதல்ல கார்ட்ல இருந்து காந்தாரத்த, அதாவது ஸரிகமல வர்ற 'க'வ, எடுத்துட்டேன். வெறும் 'ஸ'வும் 'ப'வும் மட்டும் சுத்தும், அது மேல நான் அந்தர காந்தாரம் (மேல் 'க') தொட்டா மேஜர், சாதாரண காந்தாரம் (கீழ் 'க') தொட்டா மைனர், லூப் மாறவே இல்ல ஆனா கேக்கிறவங்களுக்கு பாட்டோட மூடே மாறிடும். தம்புரா பண்ற வேலைதான் இது (நல்லா சுருதி சேந்த தம்புராவுல காந்தாரம் தானா கேக்கும்னு சண்டைக்கு வராதீங்க, தெரியும்).

அடுத்தது அன்டூ, கடைசியா பண்ணினத திருப்பி எடுக்கிற வசதி. தப்ப அழிக்கத்தான் அதுன்னு நெனச்சிருந்தேன். ஆனா லூப் ஓடும்போது பெடல அழுத்திப் பிடிச்சா கடைசியா போட்ட லேயர் போகும், திரும்பப் பிடிச்சா அதே லேயர் வரும். அப்போ பல்லவிக்கு வேணும்ங்கிற கனமான லேயர கடைசியா போடுங்க, சரணத்துல எடுத்துடுங்க, பல்லவிக்கு திரும்ப கொண்டு வாங்க. பிடிச்சு ரெண்டு செகண்ட் கழிச்சுதான் மாறும், அதனால பல்லவி வர்றதுக்கு முன்னாடியே கால் இறங்கிடணும், இது பழக எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

பெடல் இல்லாமலே லூப் பண்ணினவங்களும் உண்டு. 1972ல கிதாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப்பும் இசைக் கலைஞர் பிரையன் ஈனோவும் ரெண்டு டேப் ரெக்கார்டர பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே டேப்ப ரெண்டு வழியாவும் ஓட விட்டாங்க, முதல்ல பதிஞ்சது ரெண்டாவதுல கேட்டு திரும்ப முதலுக்கே போகும். லூப் எவ்ளோ நீளம்ங்கிறது ரெண்டு மெஷினுக்கும் நடுவுல இருக்கிற தூரம். அதுல பழைய சத்தம் சுத்த சுத்த மெதுவா மங்கிடும், அதுவே அந்த இசையோட அழகு ஆயிடுச்சு. ஆர்சி-1ல எதுவும் மங்காது, போட்டது போட்டபடி நிக்கும், அதனால நான் அடியில போற லேயர கிதார் வால்யூம பாதியாக்கிட்டுதான் வாசிப்பேன். காமெடியனும் பாடகருமான ரெஜி வாட்ஸ், லைன் 6 கம்பெனியோட டிஎல்4 பெடல்ல வெறும் குரல வச்சே ஷோ பண்ணிருக்கார், அதுல லூப் டைம் 14 செகண்ட்தான்.

இன்னொரு லாபம், ஆர்சி-1ல தாளம் தட்டிக் காட்டுற மெட்ரோனோமே கிடையாது. நீங்க எங்க மிதிக்கிறீங்களோ அதுதான் ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு முழு சுத்து), 7 எண்ணிக்கை தாளமான மிஸ்ர சாப்புல 7 எண்ணி அடுத்த ஒண்ணுல மிதிச்சா முடிஞ்சது. அந்த ஒண்ண காதுல கேட்டுட்டு மிதிச்சா லேட், ஒரு கஃபேல அப்படி மிதிச்சு அன்னைக்கு பாட்டு முழுக்க ஒவ்வொரு சுத்துக்கும் நொண்டி அடிச்சுச்சு.

ஆனா எல்லா குறையும் வரம்னு சொல்ல மாட்டேன். நிறுத்துறதுக்கு ரெண்டு தடவ டக் டக்னு மிதிக்கணும் பாருங்க, அது சும்மா இம்சை. வெளிய ஒரு ஃபுட்ஸ்விட்ச் (காலால அழுத்துற தனி பட்டன்) மாட்டிட்டா தீந்தது. அதே மாதிரி பல்லவிக்கு ஒரு கார்ட் வரிசை, சரணத்துக்கு வேற வரிசைன்னு இருக்கிற சினிமா பாட்டுதான் வாசிக்கப் போறீங்கன்னா யோசிக்காம ரெண்டு ட்ராக் பெடலே வாங்கிடுங்க, ஒத்த ட்ராக்க வச்சு அதுக்கு மல்லுக்கட்டி நான் வேஸ்ட் பண்ணின சாயங்காலம் எல்லாம் போதும்.