நகரம் மட்டுமா நிலத்தைத் தின்கிறது?

அன்புள்ள ஐயா,

நகரங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் கிராமத்தையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தீர்கள். ஏரிகளைத் தூர்த்ததும் காற்றைக் கெடுத்ததும் நகரம்தானே? மக்கள் கிராமங்களுக்குத் திரும்பினால் இயற்கை தானே மீண்டுவிடும் என்று நம்புகிறேன்.

கோ.

அன்புள்ள கோ.,

ஏரியைத் தூர்த்து வீடு கட்டியவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. பனியும் பாலைவனமும் நீங்கலாக உலகில் எஞ்சும் நிலத்தில் கட்டடங்களும் சாலைகளும் பிடித்திருப்பது ஏறக்குறைய 1 விழுக்காடு. பயிரும் மேய்ச்சலும் பிடித்திருப்பது கிட்டத்தட்டப் பாதி. ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 விழுக்காடு வேளாண்மைக்கே போகிறது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் வயல்களில் இட்ட உரம் மழையில் கரைந்தோடி, கோடைதோறும் மெக்சிகோ வளைகுடாவின் அடிநீரில் ஆக்சிஜனை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அந்த வயல்களைச் சுற்றி இருப்பவை கிராமங்கள்தான்.

அந்த வயல்கள் யாருக்காக விளைகின்றன என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. நகரத்தின் தட்டு காலியாக இருந்தால் அவ்வளவு உரம் எதற்கு?

அந்த 1 விழுக்காடு எங்கே விழுகிறது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பழைய நகரங்கள் பெரும்பாலும் ஆற்றோரத்து வண்டல் மண்ணில் எழுந்தவை. அவை விரியும்போது முதலில் பலியாவது நல்ல விளைநிலம். அதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. பக்கத்து நிலம் மனையாகிறது என்று கேள்விப்பட்டதுமே விவசாயி வரப்பைச் செப்பனிடுவதை நிறுத்துகிறார், கிணற்றைத் தூர்வாருவதை ஒத்திப்போடுகிறார். நாளை விற்கப்போகும் மண்ணுக்கு இன்று யார் எருவடிப்பார்கள்? கல் நடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த நிலம் தரிசாகிவிடுகிறது. இந்தத் தரிசு எந்த நகரத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை.

எவ்வளவு பேர் என்பதைவிட எப்படிப் பரவி வாழ்கிறார்கள் என்பது முக்கியம். 1990இல் பார்சிலோனாவில் சுமார் 28 லட்சம் பேர் 162 சதுர கிலோமீட்டரில் வாழ்ந்தார்கள். அட்லாண்டாவில் 25 லட்சம் பேருக்கு 4,280 சதுர கிலோமீட்டர் தேவைப்பட்டது. நெருக்கமான நகரத்துக்கும் அதற்கே உரிய சங்கடங்கள் உண்டு. நகரத்தின் இரவு சுற்றுப்புறத்தைவிட வெப்பமானது என்று வானிலை ஆய்வாளர் லூக் ஹோவார்டு லண்டனை அளந்து சொல்லி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் நீங்கள் சொல்வதுபோல் எல்லோரும் திரும்பிப்போய், ஆளுக்கொரு தோட்ட வீடு, ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு என்று வைத்துக்கொண்டால் அது கிராமம் ஆகாது. அட்லாண்டாதான் ஆகும்.

நகரம் இதற்குமேல் போகக்கூடாது என்று கோடு கிழித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973இல் இயற்றிய சட்டத்தின்படி அங்குள்ள ஒவ்வொரு நகரத்துக்கும் வளர்ச்சி எல்லை உண்டு. கோட்டுக்கு வெளியே வயல் வயலாக இருக்கிறது, உள்ளே மனை விலை ஏறிவிடுகிறது என்ற புகாரும் இருக்கிறது. எனக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது. ஆனால் அந்த விலையேற்றத்தைத் தாங்குபவர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர்கள். அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.