கசடுக் குளத்துத் தண்ணீரும் செம்போடு வரும் துத்தநாகமும்

கேள்வி: தாதுவிலிருந்து செம்பையும் துத்தநாகத்தையும் ஃப்ளோட்டேஷன் முறையில், அதாவது அரைத்த கனிமத்தை நுரையோடு மிதக்கவைத்துப் பிரிக்கும் ஆலையில் வேலை செய்கிறேன். கசடுக் குளத்து (பிரித்தபின் மிஞ்சும் கழிவு தேங்கும் குளம்) தண்ணீரைத் திரும்ப எடுக்க ஆரம்பித்ததிலிருந்து செம்புச் செறிவில் (பிரித்தெடுத்த செம்புக் கனிமத் தூளில்) துத்தநாகம் கூடிக்கொண்டே போகிறது, நுரையும் அடங்கவில்லை. எல்லாத் தண்ணீரையும் சுத்திகரித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆனால் திரும்ப எடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். தொட்டியில் திடப்பொருள் 33 சதவீதம் என்றால் ஒரு டன் தாதுவோடு சுமார் 2 டன் தண்ணீர் ஓடுகிறது, கசடைத் திக்கனரில் (திடப்பொருளை அடியில் படியவைத்து மேலே தண்ணீரை வழியவிடும் தொட்டி) 60 சதவீதம் வரை கெட்டியாக்கினால் அதில் ஏறக்குறைய 1.3 டன் அங்கேயே கைக்கு வந்துவிடும். அதை விட்டுவிட்டு ஆற்றிலிருந்து புதிதாக இறைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

சரி, துத்தநாகம் எப்படி வருகிறது? செம்பை எடுத்த பிறகு வரும் துத்தநாக வரிசையில் அதை மிதக்கவைக்கக் காப்பர் சல்பேட் போடுவீர்கள். அதில் மிஞ்சிய செம்பு அயனிகள் குளத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் இருக்கும் செம்பு வரிசைக்கே வந்து ஸ்பேலரைட் என்ற துத்தநாகக் கனிமத்தின் மேல் படிந்தால், கனிமத்தை நுரையில் ஒட்டவைக்கும் சாந்தேட் என்ற மருந்து அதையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அது செம்போடு மிதக்கத்தான் செய்யும். நுரை அடங்காததற்கு, குளத்திலிருந்து திரும்பி வரும் மிச்ச நுரைப்பான்தான் பெரும்பாலும் காரணம்.

அதனால் தண்ணீரைப் பிரித்து வையுங்கள். செம்புச் செறிவு திக்கனரில் வழியும் நீர் செம்பு வரிசைக்கே போகட்டும், துத்தநாகத் திக்கனர் நீரும் கசடு நீரும் துத்தநாக வரிசைக்குப் போகட்டும். அரைவைக்கும் செம்புக்கும் குறைகிற அளவுக்கு மட்டும் புது நீரோ சுத்திகரித்த நீரோ போதும், பெரும்பாலும் இதிலேயே பாதித் தொல்லை தீரும். குளத்திலிருந்து எடுக்கும்போது கசடு விழும் இடத்துக்கு எவ்வளவு தள்ளி எடுக்கிறீர்களோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் நாள் ஆக ஆக சாந்தேட் தானாகவே சிதையும். கால்சியமும் சல்பேட்டும் அப்படிக் குறையாது. அவை சேர்ந்து ஜிப்சமாகக் குழாயில் படியும், அதனால் இரண்டையும் தவறாமல் அளந்து வாருங்கள்.

இன்னொன்று, ஆய்வகச் சோதனையைக் குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். ஆலையில் ஓடும் அதே நீரில் செய்தால்தான் அந்த முடிவை நம்பி ஆலையில் எதையும் மாற்றலாம்.

கேள்வி: திக்கனரில் வழியும் நீர் கலங்கலாக வருகிறது. துகள்களைத் திரளாகச் சேர்த்துப் படியவைக்கும் ஃப்ளாக்குலன்ட் மருந்தைக் கூட்டலாமா?

பதில்: உடனே கூட்டாதீர்கள். உள்ளே வரும் குழம்பு மிகக் கெட்டியாக இருந்தால் மருந்து சரியாகக் கலக்காது, முதலில் அதை நீர்க்கச் செய்து பாருங்கள். மருந்து கலந்த பிறகு பம்ப் வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள், அங்கே திரள்கள் உடைந்துவிடும். அளவுக்கு மேல் போட்ட இந்த மருந்து நீரோடு திரும்பி வந்து ஃப்ளோட்டேஷனையும் கெடுக்கும்.