பழைய கோல்ட் (Colt) நிறுவன ரிவால்வரை எடைபோடுவது எப்படி?

கேள்வி: ஆஸ்டின் அருகே ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் ஒன்று இருக்கிறது. ஐந்தரை அங்குல பேரல் (குழல்), ஃபிரேமில் (உடல் சட்டத்தில்) ‘யு.எஸ்.’ முத்திரை. ஆனால் பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. வாங்கலாமா? (வாசகர், டெக்சஸ்)

பதில்: எண்கள் ஒத்துப்போகவில்லை என்பதற்காக மட்டும் விட்டுவிடாதீர்கள். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட ரிவால்வர் என்றால் ஃபிரேம், ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), பேக்ஸ்ட்ராப் (பிடியின் பின்பக்க உலோகப் பட்டை) மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும்; ஒன்று மாறினாலும் விலை நன்றாகவே இறங்கிவிடும். ‘யு.எஸ்.’ முத்திரையுள்ள ராணுவ ரிவால்வரின் கதை வேறு. 1873 முதல் 1891 வரை அமெரிக்க ராணுவம் ஏழரை அங்குல பேரலுடன் சுமார் 37,000 ரிவால்வர்கள் வாங்கியது. 1890களின் நடுவிலிருந்து அவற்றில் ஏராளமானவற்றைக் கழற்றி, பேரலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பழுது நீக்கி மறுபடி பூட்டினார்கள். எந்தப் பாகம் எந்தத் துப்பாக்கியுடையது என்று பார்த்துச் சேர்க்கவில்லை. சேகரிப்பாளர்கள் ‘ஆர்ட்டிலரி மாடல்’ என்பது இதைத்தான். இதில் கலந்த எண்களே இயல்பு. எல்லா எண்களும் பொருந்திய ஐந்தரை அங்குல ராணுவ ரிவால்வர் அபூர்வம். அப்படி ஒன்று கிடைத்தால்தான் நிபுணரிடம் காட்டாமல் பணம் கொடுக்கக் கூடாது.

‘யு.எஸ்.’ முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் அடித்த முத்திரையில் எழுத்தின் ஓரம் மேடிட்டு, விரலுக்கு நெருடும். மரப்பிடியில் சோதனையாளர் ரினால்டோ காரின் ‘ஆர்.ஏ.சி.’ முத்திரை தெளிவாக இருந்தால், பிடியை யாரும் உப்புத்தாளால் தேய்க்கவில்லை என்று நம்பலாம்.

1898 முடிவதற்குள் தயாரானது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ‘ஆன்டிக்’, அதாவது பழம்பொருள். இதற்கு ஃபிரேமின் வயதுதான் கணக்கு. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் எடுத்ததும் எதையெல்லாம், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஹேமரை (பின்புறச் சுத்தியலை) இரண்டாவது ‘கிளிக்’ வரை இழுத்து, தோட்டா நிரப்பும் வலப்பக்கக் கதவைத் திறந்து, சிலிண்டரைச் சுற்றி ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள். விற்பவர் “காலிதான்” என்று சொன்னாலும் பாருங்கள்.

அடுத்தது மேற்பரப்பு. விலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, அதனால் அவசரப்பட வேண்டாம். நல்ல பகல் வெளிச்சம் வேண்டும். ஃபிரேமுக்கு எலும்புக்கரியும் மரக்கரியும் சேர்த்துச் சூடாக்கி வண்ணம் ஏற்றியிருப்பார்கள். பேரலும் சிலிண்டரும் நீலப்பூச்சு. ஃபிரேமின் வண்ணம் வெளிச்சத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகும். ஆனால் கை படாத இடுக்குகளில், குறிப்பாக ஹேமரின் பக்கவாட்டில், கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வெளியே பளபளப்பு, இடுக்கில் ஒன்றுமில்லை என்றால் சந்தேகம் வர வேண்டும். மறுபூச்சு போட்டவர் முதலில் சாணை பிடித்திருப்பார். அதனால் விளிம்புகள் மழுங்கும், ஸ்க்ரூ துளையின் வாய் குழிந்து வழியும், பேரல் மேலுள்ள கோல்ட் நிறுவனத்தின் ஹார்ட்ஃபோர்ட் முகவரி எழுத்துகள் தேய்ந்திருக்கும். துருக்குழிக்குள்ளேயும் நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது மறுபூச்சு. அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் பழம்பொருள் தரவரிசையில், பாகங்கள் அனைத்தும் அசலாக, அசல் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘எக்ஸலன்ட்’, 30-க்கு மேல் ‘ஃபைன்’. மறுபூச்சு கண்டது ‘குட்’டைத் தாண்டாது.

பிறகு இயக்கம். ஹேமரை மெதுவாக முழுக்க இழுத்தால் நான்கு ‘கிளிக்’ கேட்க வேண்டும்: பாதுகாப்புக் காடி (ஹேமரிலுள்ள வெட்டு), தோட்டா நிரப்பும் நிலை, சிலிண்டரைச் சுற்றாமல் நிறுத்தும் பூட்டு விழுவது, முழு இழுப்பு. ஒன்று குறைந்தால் ஹேமரின் காடி தேய்ந்திருக்கும், ட்ரிகர் நுனி உடைந்திருக்கும், அல்லது பூட்டின் தட்டை ஸ்பிரிங் போயிருக்கும். ஸ்பிரிங் மலிவு, காடி செலவு வைக்கும். இரண்டாவது ‘கிளிக்’கிலிருந்து ஹேமரை அப்படியே இறக்கிவிடாதீர்கள். பூட்டு சிலிண்டர்மேல் உரசி வளையம்போல் கோடு போட்டுவிடும். முழுக்க இழுத்த பின்பே, கட்டைவிரலால் பிடித்து இறக்குங்கள்.

பேரலின் உட்புறத்தில் குழிகள் இருக்கும். கரிமருந்து காலத்துத் துப்பாக்கியில் அது சகஜம், விலையை அதிகம் பாதிக்காது.

கேள்வி: தோலுறையில் கிடந்து பழுப்பேறியிருக்கிறது. சுத்தம் செய்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: குறைவாகக் கிடைக்கும். தயவுசெய்து ஸ்டீல் வுல், பாலிஷ் எதையும் அருகே கொண்டுவராதீர்கள். அந்தப் பழுப்பு, நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான நீலப்பூச்சு. அரை மணி நேரத்தில் தேய்த்து எடுத்துவிடலாம், திரும்ப வைக்க யாராலும் முடியாது. மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் உலோகத்தை மட்டும் துடையுங்கள், மரத்தில் படவேண்டாம். தோலுறையிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள். பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும்தான் துருவுக்குக் காரணம். உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதற்கும் விலை உண்டு.

கேள்வி: விற்பவர் கோல்ட் நிறுவனக் கடிதம் காட்டுகிறார். அது போதுமா?

பதில்: அந்தக் கடிதம், அந்த எண்ணுள்ள ரிவால்வர் எந்தத் தேதியில், என்ன காலிபரில் (தோட்டா அளவில்), என்ன பேரல் நீளத்தில், யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பழைய பதிவேட்டிலிருந்து சொல்லும். இப்போது உங்கள் கையில் இருக்கும் பாகங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆகவே கடிதத்தை வைத்துத் துப்பாக்கியை ஒப்பிடுங்கள். பேரலை அளக்கும்போது சிலிண்டரின் முன்முகத்திலிருந்து குழல்வாய் வரை அளக்க வேண்டும்.

“பிரபலமானவர் வைத்திருந்தது” என்ற வாய்வார்த்தைக்கு ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட ஷெரிஃப் பேட் கேரட் பயன்படுத்திய கோல்ட், 2021-இல் போனம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. கைமாறிய வரலாறு ஆவணங்களோடு இருந்ததால்தான் அந்த விலை. உங்களுடையதற்கு, இதே வகையும் இதே நிலையும் உள்ளவை ஏல நிறுவனங்களில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள், விற்பவர் கேட்கும் தொகையை அல்ல. வாங்குபவர் கட்டும் கமிஷன் அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.