மறுபடி மூக்குச் சத்திரசிகிச்சை: மெட்போரா, விலாக் குருத்தெலும்பா?

கேள்வி: மூக்குத் தண்டை உயர்த்த மூன்று வருடங்களுக்கு முன் சிலிக்கோன் வைத்தார்கள். இப்போது அது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நுனித் தோல் மெலிந்து சிவந்திருக்கிறது. திரும்பச் செய்ய ஒரு வைத்தியர் மெட்போர் என்ற செயற்கைப் பொருள் போதும் என்கிறார். இன்னொருவர் விலாக் குருத்தெலும்புதான் வேண்டும், செலவு கூடும் என்கிறார். எதைத் தெரிவு செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தச் சிவப்பைக் கவனியுங்கள். சிலிக்கோன் உள்ளிருந்து தோலை அழுத்துகிறது, அல்லது கிருமி தொற்றியிருக்கிறது. தோல் உடைந்து அது வெளியே வந்தால் நுனி சுருங்கி வடுவாகும். பிறகு சீர்செய்வது மிகக் கடினம். இந்தக் கிழமையே காட்டுங்கள். தொற்று இருந்தால் சிலிக்கோனை எடுத்துவிட்டு, தோல் ஆற சில மாதங்கள் விட்டே மூக்கைத் திரும்பக் கட்டுவது வழக்கம்.

உங்கள் நிலையில் சொந்தக் குருத்தெலும்பையே தெரிவு செய்யுங்கள். மெட்போர் என்பது நுண்துளைகள் கொண்ட பொலிஎதிலீன். துளைகளுக்குள் உடல் இழையம் வளர்ந்து பிடிப்பதால் சிலிக்கோன்போல நகராது. ஆனால் தொற்று வந்தால் சுற்றியுள்ள இழையத்தையும் கிழித்துத்தான் எடுக்க வேண்டிவரும். ஏற்கனவே வடுப்பட்டு மெலிந்த தோலுக்குக் கீழே இன்னொரு செயற்கைப் பொருள் வைப்பது ஆபத்து.

மூக்கின் நடுச்சுவரில் குருத்தெலும்பு மிச்சம் உண்டா என்று கேளுங்கள். முன்பக்கமும் மேல்பக்கமும் சுமார் 1 செ.மீ. விட்டுத்தான் எடுக்கலாம், மீறினால் மூக்கு குழிந்துவிடும். காதுக் குருத்தெலும்பு வளைவானது, மென்மையானது. நுனிக்கும் நாசி ஓரத்துக்கும் நல்லது, தண்டைத் தாங்காது. தண்டும் நுனியும் சேர்ந்து கெட்டிருந்தால் விலாதான் பலம். மார்பின் கீழ் மடிப்பில் சில செ.மீ. தழும்பு இருக்கும், சில கிழமைகள் நோகும். நுரையீரல் உறையில் துளை விழும் சிறு ஆபத்தும் உண்டு. விலாத் துண்டு பிறகு வளையக்கூடும் என்பதே பெரிய குறை. அதைத் தவிர்க்க எப்படிச் சீவுவார், தண்டுக்குப் பொடியாக நறுக்கி, தலையின் பக்கவாட்டிலிருந்து எடுக்கும் மெல்லிய தசையுறையில் சுற்றி வைப்பாரா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வயது நாற்பதைக் கடந்திருந்தால் விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறியிருக்கலாம்; முன்னதாக சீ.டீ. ஸ்கேன் எடுப்பது நல்லது.

இறந்தவர்களிடமிருந்து பெற்றுக் கதிர்வீச்சால் சுத்திகரித்த விலாவும் உண்டு. மார்பில் வெட்டு இல்லை, ஆனால் காலப்போக்கில் கரையக்கூடும்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தியேட்டர் நேரம், மயக்க மருந்து வைத்தியர், ஸ்கேன், தங்கும் இரவுகள் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். விலா எடுத்தால் தியேட்டர் நேரம் நீளும், செலவு கூடுவது பெரும்பாலும் அங்கேதான். சிறு திருத்தம் தேவைப்பட்டால் யார் செலவு என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியரின் பதிவை இலங்கை மருத்துவ சபையில் பாருங்கள். முதல் சத்திரசிகிச்சைக் குறிப்பையும், வைத்த சிலிக்கோனின் பெயரும் தொகுதி இலக்கமும் உள்ள ஸ்டிக்கரையும் பழைய வைத்தியசாலையில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.